வேற்றுக்கிரகவாசியைச் சந்தேகப்பட்ட சீலு

இந்தப் பூமியில் ஒரு பொருளையோ, ஒரு மனிதரையோ, ஒரு செய்தியையோ முதல் தடவையில் நம்பாமலே அறுபது வயதைத் தாண்டிய ஒரே ஆத்மா சீலுதான். சூரியன் கிழக்கில் உதித்தது என்று சொன்னால், "நீ பாத்தியா? கூட யாரு இருந்தா?" என்று கேட்பார்.

சீலு என்பது அவர் பெயர் அல்ல. பெயர் என்ன என்பது எர்ணாவூரில் யாருக்கும் தெரியாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வருகிற, வெளியே போகிற பெட்டிகளின் கதவில் மாட்டியிருக்கும் சீல் உடையாமல் இருக்கிறதா, எண் சரியா என்று பார்ப்பதுதான் அவர் வேலையாக இருந்தது. கட்டைவிரல் நீளத்துக்கு இரும்பு ஆணி போலிருக்கும் அந்த சீல். ஒரு தடவை பூட்டினால் பூட்டியதுதான். சாவி கிடையாது, கட்டரால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். அவர் அதையும் நம்பவில்லை. வீட்டுக் கதவுக்குப் பூட்டு போடுவதை நிறுத்திவிட்டு, யார்டில் மிச்சமானதென்று கொண்டுவந்த சீல்களைப் போட ஆரம்பித்தார். கொத்தமல்லி வாங்கக் கீழே போனால் கதவுக்கு ஒரு சீல். திரும்பி வந்தால் எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டு வெட்டி உள்ளே போவார். புதினாவை மறந்துவிட்டது நினைவுக்கு வந்தால் இன்னொரு சீல். பக்கத்து வீட்டுக்காரர்கள் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பார்கள். இவர் கட்டரைத் தொலைத்துவிட்டு நிற்பார்.

ஒரு கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் குடில் வைத்திருந்தார்கள். எல்லாரும் கும்பிட்டுவிட்டு நகர, இவர் மட்டும் அங்கேயே நின்று மூன்று ராஜாக்களையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு பங்குத் தந்தையிடம் போனார்.

"ஃபாதர், இவங்க மூணு பேரும் எந்த ஊரு?"

"கீழ்த்திசை நாடு."

"கையில பொட்டி கீது. புள்ள தூங்கற எடத்துக்கு எடுத்துகினு வர்றாங்க. சூசையப்பரு ஒருத்தராவது தொறந்து பாத்தாரா?"

அந்த வருஷம் ஃபாதரின் பிரசங்கம் விசுவாசத்தைப் பற்றியே இருந்தது. இவர் இருந்த பக்கம் பார்த்தே பேசினார் என்று கேள்வி.

இப்படிப்பட்டவரின் சந்தேகம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை சரியாக இருந்தது. ராயபுரத்தில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கும் பாய் ஒருவர் இறால் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். அவர் கன்டெய்னரைச் சீலு நிறுத்தி வைத்தார். சீல் சரி, எண் சரி, எல்லாம் சரி. ஆனால் கதவுக் கைப்பிடியில் ஒரு திருகாணிக்கு மட்டும் பெயின்ட் புதிதாக இருந்தது. அதைக் கழற்றினால் சீலைத் தொடாமலே கதவு திறக்கும். திறந்து பார்த்தால் பாதி இறாலைக் காணோம். அந்த இடத்தில் செங்கல். அன்றிலிருந்து பாய்க்குச் சீலு என்றால் தர்காவில் எரிகிற விளக்கு மாதிரி. தினமும் தவறாகச் சொன்னாலும் மரியாதை குறையாது.

இந்த இடத்தில் கதைக்குள் நான் வருகிறேன். துறைமுகத்தில், யாரும் வந்து எடுத்துக்கொள்ளாத சரக்குகளைக் கவனிக்கிற பிரிவில் காலம் தள்ளியவன் நான். மூட்டையைப் பார்த்தாலே சொந்தக்காரன் ஏன் வரவில்லை என்று யோசிக்கிற பழக்கம் அங்கே வந்தது. அதனால் சந்தேகத்தில் நானும் சளைத்தவன் அல்ல. ஆனால் என்னுடையது விதிமுறைப்படியான சந்தேகம். சீலுவினுடையது சுதந்திரமானது.

பாயின் காலஞ்சென்ற அண்ணன், பல காலத்துக்கு முன்பு, 'அசலூரான்' என்று ஒரு படம் எடுத்தார். எண்ணூர்க் கடற்கரையில் வானத்திலிருந்து ஒரு பெட்டி விழுகிறது. கதாநாயகன் அதை மீன்பாடி வண்டியில் வைத்து வீட்டுக்கு மிதித்துக்கொண்டு போய்த் திறக்கிறான். உள்ளே நெற்றியில் விளக்கு எரிகிற வேற்றுக்கிரகவாசி. இவன் சிரிக்கிறான். அதுவும் சிரிக்கிறது. உடனே பாட்டு. மற்ற ஊர்களில் படம் வந்த வேகத்தில் திரும்பியது. வட சென்னையில் மட்டும் இன்றைக்கும் அதன் வசனத்தைச் சொல்லித்தான் டீக்கடையில் கடன் கேட்கிறார்கள்.

அந்தப் படத்தை மறுபடி எடுக்கப் பாய்க்கு ஆசை. இதற்கு இப்போது 'ரீபூட்' என்று பெயர். இயக்கப்போகிறவள் டெல்பினா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவரின் மகள், ராயபுரத்துப் பெண். பல படங்களில் உதவி இயக்குநராக இருந்து, வெயிலில் நின்று, கதாநாயகர்களுக்குக் குடை பிடித்தவர்களுக்கே குடை பிடித்தவள். இது அவளுடைய முதல் படம். பாய் ஒரே நிபந்தனைதான் போட்டார்.

"கதையில ஓட்டை இருக்கக் கூடாதும்மா. சீலு பாஸ் பண்ணணும். நோன்பு ஆரம்பிக்கறதுக்குள்ள பண்ணலைன்னா, கோடம்பாக்கத்துல ஒருத்தர் உரிமையைக் கேட்டுக்கிட்டே இருக்காரு. குடுத்துட்டு நான் நிம்மதியா தொழப் போயிடுவேன்."

கோடம்பாக்கத்துக்காரர் எடுத்தால் அதில் எண்ணூரும் இருக்காது, டெல்பினாவும் இருக்க மாட்டாள். இது எல்லாருக்கும் தெரியும். அவள் பேனாவை எடுத்து, நோன்பு ஆரம்பிக்கிற தேதியை எழுதிக்கொண்டாள்.

என்னை அழைத்தது அரசாங்க நடைமுறைகளுக்காக. முதல் நாள் ஐஸ் ஃபேக்டரி மாடியில் கால் வைத்ததும் சீலு கையை நீட்டி வழியை மறித்தார்.

"பையில இன்னா சார்?"

"சாப்பாடு."

"தொறங்க."

திறந்தேன். தயிர்சாதம். சீலு குனிந்து பார்த்தார்.

"கீழ இன்னா கீது?"

"ஊறுகாய்."

"ஊறுகா மேலதானே வப்பாங்க?"

நாற்பது வருஷம் சொந்தக்காரன் வராத மூட்டைகளைத் திறக்கச் சொன்னவன் நான். என் பையை நானே திறந்து, ஒரு ஊறுகாய்த் துண்டுக்கு விளக்கம் சொன்னது அன்றுதான். கோடம்பாக்கத்துக்காரர் அனுப்பிய ஆள் நான் என்பது அவருடைய தீர்மானம். அவரை அப்படிச் சொல்லவைத்துக் குழப்பம் உண்டாக்குவது கோடம்பாக்கத்துக்காரரின் வேலையாக இருக்குமோ என்று எனக்கும் தோன்றியது. முதல் நாள் நாங்கள் ஒருவர் டீயை ஒருவர் பார்த்துக்கொண்டே குடித்தோம்.

டெல்பினா என்னிடம் கேட்டாள்: "சார், வேற கிரகத்துலேர்ந்து ஒருத்தன் வந்து எண்ணூர்ல எறங்கிட்டான். கவர்மென்ட்டு இன்னா பண்ணும்?"

"அவன் பயணியா, சரக்கா?" என்றேன்.

"ஆங்?"

"மூச்சு விட்டால் பயணி. பாஸ்போர்ட், விசா. பெட்டிக்குள் வந்தால் சரக்கு. எந்தக் கப்பலின் பட்டியலிலும் இல்லாத சரக்கு. கடலில் மிதந்து கரைக்கு வந்தால் இரண்டும் இல்லை. கரை ஒதுங்கிய பொருளுக்குத் தனி அதிகாரி உண்டு. இலை, வேர் ஏதாவது ஒட்டியிருந்தால் பயிர்நோய்ச் சோதனை. யாரும் உரிமை கோரவில்லையென்றால் அறிவிப்புக் கொடுத்து ஏலம்."

"ஏலியன ஏலம் வுட்டுடுவீங்களா?"

"இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில், திரும்பப் பெறும் பொறுப்பு இல்லாமல்."

சீலு முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தார். ஆனால் என் பையை மறுநாளும் திறந்தார்.

கதைப் பிரதியைக் காப்பாற்றுவது அடுத்த பிரச்சினை. வேலை முடிந்ததும் பிரதியை ஒரு ரெக்ஸின் பையில் போட்டு, ஜிப்பில் சீல் பூட்டி, எண்ணைச் சீலு உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். மறுநாள் எல்லார் முன்னாலும் எண்ணைப் படித்துவிட்டு வெட்டுவது. பை யாரிடம் இருப்பது என்று பெரிய விவாதம். தன்னையே நம்பாத நேர்மையாளர் என்பதால், பை அவரிடமும் கட்டர் என்னிடமும் இருக்க வேண்டும் என்று அவரே தீர்ப்புச் சொன்னார்.

"அண்ணே, இது என் லேப்டாப்புலயும் கீது" என்றாள் டெல்பினா.

சீலு லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எங்க சீலு போடறது?" என்றார் வருத்தத்தோடு. ஓட்டை எதுவும் அகப்படவில்லை.

பிறகு கதைக்கு வந்தோம். முதல் காட்சியிலேயே வண்டி நின்றது.

"வானத்துலேர்ந்து பொட்டி வுழுது. ஈரோ ஒருத்தன்தான் பாக்கறான். கரையோரம் கீற நெட்டுக்குப்பம் பூரா இன்னா பண்ணிகினு இருந்துச்சு?"

"தூங்கிட்டு இருந்தாங்கண்ணே."

"எண்ணூர்ல கடல்மேல ஒரு பிளாஸ்டிக் டிரம்மு மெதந்துகினு வந்தாலே, நான்தான் மொதல்ல பாத்தேன்னு பத்து பேரு அட்ச்சிக்குவான். பொட்டிய வுட்டுட்டு தூங்குவானா? நீ இன்னா யம்மா, எங்கள கலாய்க்கிறியா?"

டெல்பினா யோசித்தாள். மறுநாள் புதிதாக எழுதி வந்தாள். பெட்டி விழுகிறது, குப்பமே திரண்டு வந்து பெட்டி யாருக்கு என்று சண்டை போடுகிறது, கடைசியில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மனசில்லாமல், யாரையுமே எதிர்த்துப் பேசாத ஒரு படகு மெக்கானிக்கின் வீட்டில் வைத்துப் பூட்டுகிறார்கள். அவன்தான் கதாநாயகன். பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்கும் பிடித்திருந்தது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்து மொழி. பழைய படத்தில் வேற்றுக்கிரகவாசி பெட்டியிலிருந்து எழுந்து, "மாந்தர்காள், அஞ்சற்க" என்பான்.

"யாரு கத்துக்குடுத்தது?" என்றார் சீலு.

"அவங்க அறிவுல முன்னேறினவங்கண்ணே."

"முன்னேறினவன் ஏன் எண்ணூர்ல வந்து அப்டி பேசறான்? யம்மா, இவன் வேற கெரகம் இல்ல. மயிலாப்பூரு. எவனோ உள்ள குந்திகினு டபாய்க்கிறான்."

அதையும் அவள் மாற்றினாள். பெட்டிக்குள் இருந்தபடியே அது வெளியே நடக்கிற சண்டைகளைக் கேட்டு மொழி கற்றுக்கொள்கிறது. அதனால் அது பேசுகிற முதல் வார்த்தை "இன்னா நைனா". பாய் கண்ணீர் வரச் சிரித்தார். சீலு சிரிக்கவில்லை, ஆட்சேபம் இல்லை என்பதுபோல் மூக்கைச் சொறிந்தார்.

கதாநாயகியையும் விடவில்லை. "ஆரம்பத்துல மூஞ்சி குடுத்து பேசாத பொண்ணு, இன்டர்வல்ல வடைகறி எடுத்துகினு வர்றா. யாரு அனுப்னா?" என்றார். உண்மையிலேயே யாரோ அனுப்பியதாக, அவளைக் கடலோரக் காவலில் வேலை பார்க்கும் வேவுக்காரியாக்கினாள் டெல்பினா. கதை முன்னைவிட நன்றாகத்தான் ஆயிற்று. நடுநடுவே நான் என் பங்குக்குத் தடையில்லாச் சான்றுகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா, அந்தப் பொட்டி கிளைமாக்ஸ் வரைக்கும் யார்டு கேட்லயே நிக்கும் சார்" என்றாள் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் முகம் கறுத்திருந்தது. தெருவில் நோன்புக் கஞ்சிக்குப் பெரிய அண்டாக்களைத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

கதையில் ஒரே ஓர் இடம் மட்டும் இன்னும் மசியவில்லை. அதுதான் படத்தின் முதுகெலும்பு. பெட்டி திறக்கிற இடம்.

"தெரியாத ஒருத்தன் பொட்டிலேர்ந்து வர்றான். இவன் சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறான்?" என்றார் சீலு.

"நல்லவன்னு நம்பறான்ணே."

"எத வச்சி?"

எதை வைத்து என்பதற்கு அவள் எழுதாத காட்சி இல்லை. வேற்றுக்கிரகவாசி கடலில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றுகிறது என்று எழுதினாள். "புள்ளய தள்ளி வுட்டதே அவனா இருந்தா?" அது கண்ணீர் விடுகிறது என்று எழுதினாள். "அது கண்ணீருன்னு யாரு சொன்னா? லீக்கா இருக்கும்." நோயாளி ஒருத்தியைத் தொட்டுக் குணமாக்குகிறது என்று எழுதினாள். "இன்னிக்கு சரியாய்டும். ஒரு மாசம் கழிச்சி பாத்தியா?" கடைசியில் வெறுத்துப்போய், அது கைகூப்பி வணக்கம் சொல்கிறது என்று எழுதினாள். சீலு பதறிவிட்டார். "வணக்கம் சொல்றானா? அப்ப கன்ஃபார்ம் திருட்டுப் பய."

நான் அவளுக்காகப் பரிந்து பேசினேன். பேசியதால் எங்கள் இருவர் மீதும் கூட்டுச் சதி என்ற சந்தேகம் வந்தது.

பாய் கெடு வைத்த நாள், ஒரு செவ்வாய்க்கிழமை. பையை மேசைமேல் வைத்தார் சீலு. உள்ளங்கையைப் பார்த்தார். சீலைப் பார்த்தார். மறுபடி உள்ளங்கையைப் பார்த்தார்.

"நம்பரு வேற."

சீலு கதவைச் சாத்திவிட்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"சார், கட்டரு உங்க கைலதானே?"

"என்னிடம்தான். பை உங்களிடம்தானே?"

"என்னாண்டதான். அப்ப வெட்னது நீங்க."

"பை இல்லாமல் எப்படி வெட்டுவேன்?"

"அதான் நானும் கேக்கறேன். எப்டி வெட்னீங்க?"

"சீலு, ரெண்டு பேரும் உட்காருங்க" என்றார் பாய்.

"நீங்களும்தான் பாய். உங்களயும் கேக்கணும்."

பாய் வாயைத் திறந்தபடி இருக்க, டெல்பினா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "இந்தக் கதைய திருடி எவன் இன்னா பண்ணுவான்? அதான் முடியவே முடியாதே! முடிய வுட மாட்டீங்களே நீங்க!"

அந்த நேரத்தில் கதவைத் தட்டாமல் ஒரு பெண்மணி உள்ளே வந்தார். சீலுவின் மனைவி பிலோமினா அக்கா. நவநாள் ஜெபத்துக்கு ராயபுரம் கோயிலுக்கு வந்தவர். கையில் மாத்திரை அட்டை.

"யோவ், காலம்பற மாத்திரய போடாம வந்துட்டியே. இந்தா."

"இங்க எதுக்கு வந்த? விசாரண நடந்துகினு கீது. பைய எவனோ வெட்டிட்டான்."

"எவனோ இல்ல, நாந்தான் வெட்னேன்" என்றார் அக்கா. "மாத்திரய கதைக்குள்ள வச்சி சீலு போட்டுகினு வந்தா நான் இன்னா பண்ணுவேன்? பிரஷரு மாத்திர பாய், பாருங்க. ராத்திரி மனுஷன் தேடறாரு தேடறாரு, வூட்ட பொரட்டி போடறாரு. இவரு தூங்குன அப்பால நாந்தான் கண்டுபுட்ச்சேன். எடுத்துட்டு வேற சீலு போட்டு வச்சேன். டப்பா நெறய கீதே."

"கட்டரு?" என்றார் சீலு தீனமாக.

"வூட்டு கதவ வெட்ற கட்டருதான்."

உலகத்தில் எல்லார் கையிலும் கட்டர் இருக்கும் என்று சந்தேகப்பட்டவர், சொந்த வீட்டுக் கதவோரம் ஆணியில் தொங்குகிற கட்டரை மறந்திருந்தார். எங்கள் மூன்று பேருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

டெல்பினா கண்ணைத் துடைத்துக்கொண்டு பிலோமினா அக்காவிடம் திரும்பினாள். "அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த மனுஷன் வாழ்க்கையில ஒரு தபாவாச்சும், யாரையாச்சும், செக் பண்ணாம உள்ள வுட்டிருக்காரா? இவருக்கே தெரியாதது என் ஈரோவுக்கு எப்டி தெரியும்?"

"ஏன், வுட்டாரே" என்றார் அக்கா.

"ஏய்! சொம்மா இரு" என்றார் சீலு.

"நீ சொம்மா இரு. அப்போ சடையங்குப்பத்துல இருந்தோம்மா. வெள்ளம் வந்துச்சு பாரு, அப்போ. தண்ணி கட்டில் ஒசரத்துக்கு வந்துட்ச்சி. இவரு திருடன் வருவான்னு கதவுக்கு உள்பக்கம் சீலு போட்டுட்டு, என்ன பரண்மேல ஏத்திட்டு, தானும் குந்திகினு கீறாரு. கதவ எவனோ தட்றான். ஜன்னல்ல பாத்தா, மீனு வைக்கிற தெர்மாகோல் பொட்டிய கட்டிப் புட்ச்சிகினு ஒரு ஆளு. வடக்கத்திக்காரன், எந்த கம்பெனியோ. இன்னா சொல்றான்னே புரியல. நடுங்கறான்."

"கத உடாத" என்றார் சீலு.

"குதிச்சாரு பாய். அதுக்குள்ள தண்ணி கழுத்து மட்டும் ஏறிட்ச்சி, அதுல போய் கட்டரால வெட்னாரு. நம்பரு கூட பாக்கல."

நம்பர் கூடப் பார்க்கவில்லை என்றதும் பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். சீலு தலையைத் தொங்கப் போட்டார். யார்டில் வேலை பார்த்த காலமெல்லாம் காப்பாற்றிய பெயரில் இது ஒரு கறை என்பதுபோல் இருந்தது அவர் முகம்.

"அவன் மூஞ்சியே சரியில்ல பாய்" என்றார் மெதுவாக. "உள்ள வுட்ட அப்பால ஒரு நொடி தூங்கலியே நான். பாத்துகினேதான் இருந்தேன்."

"அவனும் தூங்கல" என்றார் அக்கா. "இவரு அவன பாக்க, அவன் இவர பாக்க. நடுவுல நான். கஞ்சி குடுத்தா, இவரு மொதல்ல குடிச்சாதான் அவன் குடிப்பான். இவரு, அவன் மொதல்ல குடிக்கட்டும்னு வச்சிகினு கீறாரு. கஞ்சி ஆறி பச்சத்தண்ணியாச்சி. தண்ணி வடியற வரைக்கும் இதே கூத்து. போவும்போது இவரு குடுத்த லுங்கிய மட்ச்சி வாசப்படில வச்சிட்டு, இவரப் பாத்து ஒரு கும்புடு போட்டான். இவரு இன்னா பண்ணாரு தெரியுமா? லுங்கிய எடுத்து ஒதறி ஒதறி பாத்தாரு."

"எதுக்கு வந்தான்னு இன்னி வரைக்கும் தெரியல" என்றார் சீலு.

டெல்பினா உட்கார்ந்துவிட்டாள். எழுத ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே பேசினாள், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "அவன் நம்பல. நம்பாமலேதான் தொறக்கறான். நம்பறதுக்கு நேரமில்ல. உள்ள வுட்டுட்டு அப்பால சந்தேகப்படறான். அதுவும் இவன நம்பல. நெத்தி விளக்க அணைச்சிட்டு மூலைல குந்திகினு இவனயே பாக்குது. பாதி படம் ரெண்டும் ஒண்ண ஒண்ணு வேவு பாக்குதுங்க..."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளாக நாங்கள் இரண்டு பேரும் சோதனையைக் கப்பலிலேயே நடத்திக்கொண்டிருந்தோம். துறைமுகத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. எவ்வளவு சந்தேகமான சரக்காக இருந்தாலும் முதலில் கரையில் இறக்க வேண்டும். சோதனை, விசாரணை, பறிமுதல் எல்லாம் இறக்கிய பிறகுதான். நடுக்கடலில் நிறுத்தி வைத்துச் சந்தேகப்பட்டால் சரக்கு அழுகிப்போகும்.

"விதிமுறையும் அதுதான்" என்றேன். "முதலில் இறக்கு. பிறகு பார்."

சீலு என்னைப் பார்த்தார். "மெய்யாலுமா சார்? ரூலே கீதா?"

"இருக்கிறது. நீங்கள் செய்தது நடைமுறைப்படி சரி."

அவர் முகத்தில் ஒரு சுருக்கம் தளர்ந்தது. உடனே மறுபடி இறுகியது. "ஆனா அத படத்துல போடாத யம்மா. யார்டு பசங்க பாத்தா சிரிப்பானுங்க. என் பேரு கெட்டுடும்."

"அண்ணே" என்றாள் டெல்பினா, எழுதுவதை நிறுத்தாமல். "உங்க பேரு யாருக்குத் தெரியும்?"

பிலோமினா அக்காதான் முதலில் சிரித்தார். பிறகு பாய். பிறகு, விதிமுறைகளுக்கு உட்பட்டு, நானும்.

எழுதி முடித்து அவள் படித்துக் காட்டினாள். வெள்ளம் இல்லை, சடையங்குப்பம் இல்லை. மழையில் நனைந்த ஒரு மெக்கானிக், பூட்டிய பெட்டி, உள்ளேயிருந்து மெல்லத் தட்டுகிற சத்தம். அவன் யாரையும் கேட்காமல், எதையும் பார்க்காமல், கட்டரைத் தேடுகிறான். திறக்கிறான். யாரும் சிரிக்கவில்லை. பாட்டு இல்லை.

படித்து முடித்த பிறகு எல்லாரும் சீலுவைப் பார்த்தோம். டெல்பினா பார்க்கவில்லை, அடுக்கிய காகிதங்களையே மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள். சீலு எழுந்தார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். மேசையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். படீர், படீர்.

"இன்னாண்ணே? இன்னும் எதுனா...?" என்றாள் அவள் பயந்துபோய்.

"யார்டுல கன்டெய்னர் கதவுல ரெண்டு தட்டு தட்டுவாங்கம்மா" என்றார் பாய். "வண்டி போகலாம்னு அர்த்தம்."

அவள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். பிலோமினா அக்கா முதுகைத் தடவிக்கொடுத்தார். சீலு என்னிடம் கிசுகிசுத்தார்: "மெய்யா அழுவுறாளா சார்?"

படப்பிடிப்பு இப்போது எண்ணூரில் நடக்கிறது. அந்தப் பெட்டிக்குக் காவல் சீலுதான். நெற்றியில் விளக்கு மாட்டிய நடிகர் தினமும் பெட்டிக்குள் போகுமுன் அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருக்கிறதாம். டெல்பினா குடை இல்லாமல் வெயிலில் நிற்கிறாள். இப்போது அது அவளுடைய வெயில்.

கதை முடிந்ததால் ஐஸ் ஃபேக்டரி மாடிக்குப் போக எனக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. திருவொற்றியூரில் என் வீட்டில் செய்தித்தாளை இரண்டு தடவை படித்துக்கொண்டு கிடந்தேன். ஒருநாள் ஃபோன் வந்தது.

"சாரா?"

"ஆமாம் சீலு."

"சாருதான்னு இன்னா அத்தாட்சி?"

"குரல் தெரியவில்லையா?"

"கொரல எவன் வேணா பேசுவான். இன்னிக்கு இன்னா சாப்ட? ஒடம்பு எப்டி கீது? அத சொல்லு, பாப்போம்."

சொன்னேன். கேட்டுக்கொண்டார். போதாது என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். இப்போது தினமும் கூப்பிடுகிறார்.

ஓய்வு பெற்றவனைத் தேடி வருகிற ஃபோன்கள் பெரும்பாலும் எதையாவது விற்பதற்காக வருபவை. நான் நான்தானா, சாப்பிட்டேனா என்று தெரிந்துகொள்வதற்காக வருவது இது ஒன்றுதான். இன்னும் அவருக்கு என்மேல் நம்பிக்கை வரவில்லை. வந்துவிடப் போகிறதே என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.